அசைய மறுப்பது உடலா, உள்ளமா?
எடைகுறைப்புச் சத்திரசிகிச்சைக்கு முன்னரான காலம் பற்றிய ஒரு நோக்கு

"இருந்த இடத்தை விட்டு அசையாதவர்" என்று ஒருவரைக் குறிப்பிடும்போது நமது பிரதேசத்தில் அதற்கு ஒரே பொருள்தான் கொள்ளப்படுகின்றது. அவர் சோம்பேறி என்பதே அது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும், தமிழ்க் கிராமமானாலும் முஸ்லிம் ஊரானாலும் இவ்விடயத்தில் வேறுபாடு கிடையாது. உடற்பருமன் மிகுந்த ஒருவர் நடக்கத் தயங்கினால் வீட்டார் கடிந்து கொள்கின்றனர். அயலார் கேலி பேசுகின்றனர். "நடந்தால்தான் சரிவரும்" என்ற ஒற்றை வசனத்துடன் ஆலோசனையும் முடிந்து விடுகின்றது.

எடையைக் குறைப்பதற்காகச் சத்திரசிகிச்சை செய்து கொள்ளத் தீர்மானித்து, அதற்கான நாளை எதிர்பார்த்திருப்பவர்களின் விடயத்தில் இத்தீர்ப்பு மேலும் கடுமையாகின்றது. உடம்பை வளைக்காமலே மெலிந்துவிட நினைப்பவர் என்ற பெயரும் அவருக்குச் சூட்டப்பட்டு விடுகின்றது. ஆயினும் கடந்த சுமார் 20 ஆண்டுகளாக இத்தகைய நோயாளர்களிடம் மேற்கொள்ளப்பட்டுவரும் ஆய்வுகள் வேறொன்றைக் கூறுகின்றன. அவர்கள் அசையாதிருப்பதற்குப் பின்னால் மனச்சோர்வு, வெட்கம், வலி பற்றிய அச்சம், பழைய தோல்விகள் தந்த நம்பிக்கையீனம் என்பன பெரும்பாலும் ஒளிந்திருக்கின்றன. இவை கண்டறியப்படக் கூடியவை. திருத்தப்படக் கூடியவையும் கூட. சத்திரசிகிச்சைக்காகக் காத்திருக்கும் காலமே அதற்கு மிகப் பொருத்தமான காலம் என்பதைச் சுட்டிக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடற்பருமன் செல்வந்தரின் வியாதி என்ற எண்ணம் நம்மிடையே இன்னமும் நிலவுகின்றது. 2014, 2015 காலப்பகுதியில் சுகாதார அமைச்சு உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஒத்துழைப்புடன் நடத்திய தேசிய மதிப்பீடு இதற்கு மாறான சித்திரத்தையே தருகின்றது. அதன்படி வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 29 சதவீதமானோர் அதிக எடையுடையவர்கள். ஆண்களில் இது சுமார் 25 சதவீதமாகவும் பெண்களில் 34 சதவீதமாகவும் காணப்பட்டது. போதிய உடலுழைப்பு இல்லாதவர்களின் விகிதமும் இதனை ஒத்ததே. ஆண்களில் 22 சதவீதத்தினரும் பெண்களில் 38 சதவீதத்தினரும் வாரத்துக்கு 150 நிமிடங்கள் என்ற குறைந்தபட்ச அளவை எட்டவில்லை. இதற்கு முன்னர் 2005, 2006 ஆண்டுகளில் நாடளாவிய ரீதியில் நீரிழிவு பற்றிய பெரிய ஆய்வொன்று நடைபெற்றபோது பாதுகாப்பு நிலைமை காரணமாக வடக்கு, கிழக்கு மாகாணங்கள் அதில் சேர்க்கப்படவில்லை என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. "சீனி வருத்தம்" நம் வீடுகளில் புகுந்து கொண்டிருந்த ஆண்டுகளில் நாம் கணக்கெடுப்புக்கு வெளியே இருந்தோம்.

சத்திரசிகிச்சை என்பது என்ன?

எடைகுறைப்புச் சத்திரசிகிச்சை என்பது வயிற்றுக் கொழுப்பை வெட்டி அகற்றுவது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறாகும். இதில் மாற்றப்படுவது இரைப்பையும் சிறுகுடலும் ஆகும். இன்று பரவலாகச் செய்யப்படும் ஒரு முறையில் இரைப்பையின் நாலில் மூன்று பங்கோ அதற்குச் சற்று மேலாகவோ அகற்றப்பட்டு, எஞ்சிய பகுதி ஒடுங்கிய குழாய் போல விடப்படுகின்றது. இன்னொரு முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் சிறிய பை ஒன்று அமைக்கப்பட்டு, உணவு சிறுகுடலின் முற்பகுதியைத் தவிர்த்துச் செல்லும் வகையில் மாற்றுவழி ஏற்படுத்தப்படுகின்றது. இந்த இரண்டாவது முறையின் தொடக்கம் 1960களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வேர்ட் மேசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மேற்கொண்ட முயற்சிகளாகும். உண்ணும் அளவு குறைவதுடன், பசியையும் குருதியிலுள்ள சீனியின் அளவையும் கட்டுப்படுத்தும் ஓமோன்களிலும் மாற்றம் ஏற்படுவதால், நீரிழிவு நோயாளர் பலரிடத்தில் எடை குறைவதற்கு முன்னரே சீனியின் அளவு இறங்கி விடுகின்றது.

எவருக்கு இது பொருந்தும் என்பதை முடிவு செய்ய உடற்றிணிவுச் சுட்டி பயன்படுத்தப்படுகின்றது. கிலோகிராமில் உள்ள எடையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் பிரிக்கக் கிடைக்கும் எண்ணே இதுவாகும். இச்சுட்டி 40 அல்லது அதற்கு மேல், கடுமையான இணைநோய்கள் இருப்பின் 35 என்று 1991 இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அளவுகோல் 30 ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருந்தது. 2022 இல் சர்வதேச நிபுணர் சங்கங்கள் அதனைத் தளர்த்தின. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இருதய நோயும் ஏற்படுவதால், 27.5 என்ற அளவிலிருந்தே இது பரிசீலிக்கப்படலாம் என்பது இப்போதைய நிலைப்பாடாகும். முன்னர் தகுதியற்றவராகக் கருதப்பட்ட நம்மவர் பலர் இப்போது தகுதி பெறுகின்றனர் என்பதே இதன் பொருள்.

இலங்கையில் களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளிலும், தனியார் வைத்தியசாலைகளிலும் இச்சிகிச்சை மேற்கொள்ளப்படுகின்றது. கொழும்புக்குச் செல்ல நேரும் மட்டக்களப்பு நோயாளி ஒருவருக்கு அது 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பயணம். இரவுப் புகையிரதம், கூட வருபவருக்கான செலவு, தங்குமிடம், மொழிப் பிரச்சினை என்பவற்றுடன், ஒரே தடவையில் முடியாத பரிசோதனைகளும் உண்டு. ஆகவே தீர்மானத்துக்கும் சத்திரசிகிச்சைக்கும் இடையில் வாரங்களோ மாதங்களோ கழிகின்றன. இக்காலம் வீணாகக் கழிய வேண்டியதில்லை.

எண்ணப்பட்ட அடிகள்

இந்நோயாளர்கள் உண்மையில் எவ்வளவு நடக்கின்றனர்? அமெரிக்காவில் பல வைத்தியசாலைகளை இணைத்து நடத்தப்பட்ட நீண்டகால ஆய்வொன்றில், சத்திரசிகிச்சைக்கு முன்னர் 757 பேரின் நடை கருவியொன்றின் மூலம் அளவிடப்பட்டது. 2008 இல் வெளியான அதன் முடிவுகளின்படி, ஐந்தில் ஒருவர் நாளொன்றுக்கு 5,000 அடிகளுக்கும் குறைவாகவே நடந்தார். மறுபுறத்தில், இன்னொரு ஐந்தில் ஒரு பங்கினர் 10,000 அடிகளுக்கு மேல் நடந்தனர். எடை மட்டுமே காரணமாயின் இவ்வளவு வேறுபாடு இருந்திருக்கக் கூடாது. ஒத்த எடையுடைய இருவரில் ஒருவர் நடக்கின்றார், மற்றவர் நடக்கவில்லை எனில் இடையில் நிற்பது என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே.

அதே ஆய்வுக் குழுவினர் 2013 இல் வெளியிட்ட மற்றோர் அறிக்கை இக்கேள்விக்கு ஓரளவு பதில் தருகின்றது. சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த 850 பேரிடம் உடலியக்கமும் உளநலமும் ஒருங்கே ஆராயப்பட்டன. குறைவாக அசைந்தவர்களிடத்தில் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாகக் காணப்பட்டன. மனச்சோர்வுக்கோ பதகளிப்புக்கோ சிகிச்சை பெற்றவர்களும் அவர்களிடையேதான் அதிகம். இவ்வேறுபாடு தென்படுவதற்குப் பெரும் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. நாளொன்றுக்குச் சுமார் 8 நிமிட மிதமான இயக்கம் உள்ளவர்களுக்கும் அதுகூட இல்லாதவர்களுக்கும் இடையிலேயே வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். அசையாமையால் மனச்சோர்வு வந்ததா, மனச்சோர்வால் அசையாமை வந்ததா என்பதை இத்தகைய ஆய்வு நிரூபிக்காது. பெரும்பாலும் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. மனச்சோர்வு என்பது வெறும் கவலையன்று. எதிலும் ஆர்வமின்மை, உறக்கக் கோளாறு, உடல் ஈயக்குண்டு போலக் கனப்பது, ஒரு குவளை நீர் எடுக்க எழுவதும் மலையேறுவது போலத் தோன்றுவது என்பன அதன் குறிகள். நம் பகுதி மக்கள் இதனை "மனச்சோர்வு" என்று கூறுவதில்லை. "உடம்பு ஏலாது", "நெஞ்சு அடைக்குது", "கை கால் உளையுது" என்றே கூறுவர். கேட்பவர் அதனை உடல்நோயாகவோ சாக்குப்போக்காகவோ எடுத்துக் கொள்கின்றார். அந்த "ஏலாது" என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனையோ அடங்கியிருக்கின்றன.

அவற்றுள் முதலாவது வெட்கம். காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ களுவாஞ்சிகுடியிலோ 40 வயதைக் கடந்த, எடை மிகுந்த ஒரு பெண்ணை எண்ணிக் கொள்வோம். வைத்தியர் நடக்கச் சொல்கின்றார். அவர் வீதியில் இறங்கியதும் சந்தியில் நிற்கும் இளைஞர்களின் பார்வை, தெரிந்தவர்களின் "என்ன, மெலியப் போறீங்களோ?" என்ற விசாரிப்பு, மூச்சு வாங்குவதைக் கண்டு சிரிக்கும் பிள்ளைகள் ஆகிய யாவற்றையும் கடந்து செல்ல வேண்டியுள்ளது. இரண்டாம் நாள் அவர் வெளியில் இறங்குவதில்லை. எடையைக் காரணமாக்கி இகழப்பட்ட அனுபவம் அதிகமுள்ள மாணவிகளே உடற்பயிற்சியைத் தவிர்க்கும் எண்ணத்தையும் அதிகமாகக் கொண்டிருந்தனர் என்பதை 2008 இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக் காட்டியது. கேலி செய்தால் ரோஷம் வந்து நடப்பார் என்ற நமது நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதை இது உணர்த்துகின்றது. ஊரார் சொல்வதை நோயாளியே நம்பத் தொடங்கி, "நான் எதற்கும் உதவாத உடம்பு" என்று தமக்குத் தாமே கூறிக் கொள்ளும் கட்டம் இதனிலும் மோசமானது.

வணக்கத்தலங்களிலும் இதே வெட்கத்தைக் காணலாம். முழங்கால் வலியால் கதிரையில் அமர்ந்து தொழுவதற்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. அதனைப் பயன்படுத்துவது குறையன்று. ஆனால் கதிரையில் இருப்பதைப் பிறர் பார்க்கின்றனரே என்று கூசி, சிலர் வீட்டிலேயே தொழத் தொடங்குகின்றனர். விளைவாக, நாளுக்கு 5 வேளை பள்ளிவாசலுக்குச் சென்று திரும்பிய நடை முழுவதும் இல்லாமற் போகின்றது. கோயில் திருவிழாக் காலங்களில் தரையில் அமர்ந்தால் எழும்ப முடியாதே என்ற பயத்தில் வீட்டிலேயே தங்கி விடும் முதியவர்களையும் நாம் அறிவோம். இழந்தது ஒரு சடங்கு மட்டுமன்று, அன்றைய நாளின் அசைவும் ஆட்களோடு பேசிய பேச்சும் கூடவே போய் விடுகின்றன.

இரண்டாவது அச்சம். இதனை வெளியில் இருப்பவர் புரிந்து கொள்வது கடினம். வேகமாக நடக்கும்போது எவருக்கும் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், மூச்சு வாங்கும். ஆனால் பதகளிப்பு நோயுள்ளவருக்கு இவையே ஆபத்தின் அறிகுறிகளாகத் தோன்றுகின்றன. மாரடைப்பு வருகின்றது என்று அவர் அஞ்சுகின்றார். அச்சம் படபடப்பை மேலும் கூட்டுகின்றது. ஓரிரு தடவை இவ்வாறு நேர்ந்தபின் நடையையே அவர் தவிர்த்து விடுகின்றார். மூட்டுவலி உள்ளவர்களிடத்தில் இது வேறு வடிவம் எடுக்கின்றது. அசைந்தால் மூட்டு தேய்ந்துவிடும், விழுந்தால் எழமுடியாது என்ற பயத்தில் அசையாதிருக்க, தசைகள் மெலிந்து, மூட்டின் மீதான சுமை கூடி, வலி உண்மையிலேயே அதிகரிக்கின்றது.

மூன்றாவது, தன்னால் முடியும் என்ற நம்பிக்கையை இழந்திருத்தல். உளவியலாளர் அல்பேர்ட் பண்டுரா 1977 இல் இதற்கு ஒரு கோட்பாட்டையே வகுத்தார். ஒரு காரியத்தை ஒருவர் தொடங்குவதும் தொடர்வதும், அதன் நன்மையை அறிந்திருப்பதால் மட்டுமன்றித் தன்னால் அதனைச் செய்ய முடியும் என்று நம்புவதாலேயே ஆகும் என்பது அவரது கருத்து. சத்திரசிகிச்சை வரை வந்தவர் பத்தோ பதினைந்தோ தடவைகள் உணவுக் கட்டுப்பாட்டையும் நடையையும் தொடங்கிக் கைவிட்டவராகவே இருப்பார். கொள்ளுத் தண்ணீர், வெந்தயத் தண்ணீர், விளம்பரத் தூள்கள் எல்லாவற்றையும் பார்த்து முடித்தவர் அவர். நடையின் நன்மைகளைப் பட்டியலிட்டு அவரிடம் கூறுவதில் பயனில்லை. அப்பட்டியல் அவருக்கு மனப்பாடம்.

வாவிக்கரையின் சுமைகள்

நம் பிரதேசத்துக்கே உரிய சில விடயங்களும் உண்டு. ஒன்றரை மில்லியனுக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் கிழக்கு மாகாணத்தில் ஒரு தலைமுறை முழுவதும் ஊரடங்கு, சுற்றிவளைப்பு, சோதனைச் சாவடி என்பவற்றுக்கு நடுவே வளர்ந்தது. பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள் இருப்பதே உயிருக்குப் பாதுகாப்பு என்பது அத்தலைமுறை கற்ற பாடம். 1990 ஆம் ஆண்டின் ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் காத்தான்குடி, ஏறாவூர், சத்துருக்கொண்டான் ஆகிய இடங்களில் நிகழ்ந்த படுகொலைகளும், 2004 டிசம்பர் 26 இல் நாவலடி, கல்லடிக் கரைகளை விழுங்கிய கடலும், 2019 ஏப்ரல் 21 இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த தாக்குதலும், அதன் பின்னரான மாதங்களில் முஸ்லிம் பெண்கள் வெளியே செல்லவே தயங்கிய நிலையும் இரு சமூகங்களின் நினைவிலும் ஆழப் பதிந்தவை. இவற்றால்தான் உடற்பருமன் ஏற்பட்டது என்று கூறுவது அவசர முடிவாகும். ஆனால் வெளியில் செல்வதையே ஆபத்தாகக் கருதப் பழகிய ஒருவரிடம் "நடவுங்கள்" என்று கூறும்போது, எதனைக் கேட்கின்றோம் என்பதை வைத்தியர் அறிந்திருத்தல் வேண்டும்.

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 1980களில் எடைகுறைப்பு நிலையம் நடத்திய வைத்தியர் வின்சென்ட் ஃபெலிற்றி ஒரு விசித்திரத்தைக் கண்டார். நன்றாக மெலிந்து கொண்டிருந்தவர்களே இடைநடுவில் சிகிச்சையைக் கைவிட்டனர். விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறுவயதில் துஷ்பிரயோகத்துக்கு உள்ளானவர்கள் என்பது தெரியவந்தது. அவர்களுக்குப் பருத்த உடல் ஒரு கவசமாக இருந்தது; மெலிவது அச்சத்தைத் தந்தது. இதிலிருந்து பிறந்த பெரிய ஆய்வு 1998 இல் வெளியாகி, சிறுவயதுத் துயரங்களுக்கும் பிற்கால நோய்களுக்கும் உள்ள தொடர்பை உலகுக்கு உணர்த்தியது. நம்மிடையே இவ்விடயம் பேசப்படுவதேயில்லை.

வேறொரு பக்கத்தையும் கூற வேண்டும். 2022 இல் எரிபொருள் நெருக்கடி ஏற்பட்டபோது, எவருடைய ஆலோசனையுமின்றியே நம்மவர்கள் நடந்தனர். தூசு படிந்து கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் சந்தைக்கடைக்கும் மோட்டார் சைக்கிள் என்ற பழைய நிலை திரும்பிற்று. அசைவு என்பது தனிமனித உறுதியால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கமாக வீடுகள் அமைந்த காத்தான்குடி போன்ற ஊர்களில் பெண்கள் தடையின்றி நடப்பதற்கு இடம் எங்கே என்ற கேள்வியும் நகரசபைகள் பதில் கூற வேண்டிய ஒன்றாகும்.

எல்லாவற்றையும் மனத்தின் மீது சுமத்துவதும் தவறாகும். தைரொயிட் சுரப்பிக் குறைபாடு, குருதிச்சோகை, முழங்கால் தேய்வு என்பன உண்மையான களைப்பையும் வலியையும் தருகின்றன. இரவில் பெருங்குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று போகும் நோயுள்ளவர் பகல் முழுவதும் தூங்கி வழிவார். அவரையும் நாம் சோம்பேறி என்றே அழைக்கின்றோம். இவை முதலில் பரிசோதிக்கப்பட வேண்டும்.

ஏன் முன்கூட்டியே?

சத்திரசிகிச்சை எடையைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை. 1987 இல் சுவீடனில் தொடங்கிய நீண்டகால ஆய்வு, சத்திரசிகிச்சை பெற்றவர்களின் மரண அபாயம் சுமார் 29 சதவீதத்தால் குறைந்திருந்ததை 2007 இல் வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து வெளியான மற்றோர் ஆய்வில் மொத்த மரணங்கள் 40 சதவீதத்தால் குறைந்திருந்தன. ஆனால் அதே அறிக்கையின் இன்னொரு வரி கவனிக்கப்படாமற் போய்விடக் கூடாது. தற்கொலை, விபத்து முதலான, நோயல்லாத காரணங்களால் நேர்ந்த மரணங்கள் சத்திரசிகிச்சை பெற்றவர்களிடையே 58 சதவீதம் அதிகமாக இருந்தன. இரைப்பையைச் சிறிதாக்க முடிந்தது. துயரத்தை அவ்வாறு செய்ய முடியவில்லை. மெலிந்தால் மணவாழ்வு சீராகும், கேலி நிற்கும், மனம் அமைதியடையும் என்று எல்லா நம்பிக்கைகளையும் ஒரே சத்திரசிகிச்சையின் மீது வைத்தவர், எடை குறைந்த பின்பும் அதே மனத்துடன் வீடு திரும்புகின்றார்.

உடலியக்கத்துக்கும் இதுவே பொருந்தும். எடை குறையும்போது கொழுப்புடன் தசையும் குறைகின்றது. அதனைக் காக்க இயக்கமும் புரதமும் தேவை. வெட்கத்தாலும் அச்சத்தாலும் நடவாதிருந்தவர், 20 கிலோ குறைந்ததும் தானாக நடக்கத் தொடங்குவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. சத்திரசிகிச்சை முடிந்து சில மணித்தியாலங்களிலேயே, கால் நாளங்களில் குருதி உறையாதிருக்க, தாதியர் அவரை எழுப்பி நடக்க வைப்பர். அதற்கு முன்பே நடந்து பழகியவருக்கு அந்த முதல் அடிகள் இலகுவாகின்றன.

இவ்விடயத்தில் நம்பிக்கை தரும் முயற்சியொன்று அமெரிக்காவில் நடைபெற்று 2015 இல் வெளியாயிற்று. சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த 75 பேர் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழமையான கவனிப்பு மட்டும். மற்றப் பிரிவினரை ஆலோசகர் ஒருவர் 6 வாரங்கள், வாரத்துக்கு ஒரு தடவை தனித்தனியாகச் சந்தித்தார். கடிந்துரை எதுவும் இல்லை. எந்த வேளையில் நடக்கலாம், தடை என்ன, அதனை எவ்வாறு கடப்பது என்று பேசி, நடந்ததைக் குறித்து வைத்து, இலக்கைச் சிறிது சிறிதாக உயர்த்தியதே அவர் செய்த பணி. முதலில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 நிமிடமளவில் இருந்த அவர்களது மிதமான இயக்கம் 21 நிமிடமாக உயர்ந்தது. மற்றப் பிரிவினரிடத்தில் மாற்றமில்லை.

இதற்கு இயந்திரமோ பெருஞ்செலவோ தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். போருக்குப் பின்னும் சுனாமிக்குப் பின்னும் உளவளத்துணைப் பணியில் பயிற்சி பெற்றவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கின்றனர். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவும், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடமும் உள்ளன. கொழும்பில் சத்திரசிகிச்சைக்குப் பதிவு செய்த ஒருவர், காத்திருக்கும் மாதங்களில் தன் ஊரிலேயே இயன் மருத்துவர் ஒருவரையும் உளவளத்துணையாளர் ஒருவரையும் சந்திக்க வழி செய்வது இயலாத காரியமன்று. முதற் சந்திப்பில் "எவ்வளவு நடக்கிறீர்கள்?" என்று கேட்பதற்குப் பதிலாக "நடக்கும்போது எது கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டாலே பாதி விடயம் வெளியில் வந்துவிடும்.

முன்னர் குறிப்பிட்ட 8 நிமிடத்தை நம் கண்முன் உள்ள ஓர் இடத்துடன் பொருத்திப் பார்க்கலாம். கல்லடிப் பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ 290 மீற்றர். சாதாரண நடையில் போய்த் திரும்ப எடுக்கும் நேரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வீதியில் இறங்கக் கூச்சமுள்ள பெண் தன் வளவுக்குள்ளேயே தொடங்கலாம். சுபஹ் தொழுகைக்குப் பின், வெயில் ஏறுமுன் நடக்கலாம். நம் பகுதியில் தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும் பெண் திருமணத்தின் பின்னரும் தாய்வீட்டின் அருகிலேயே குடியிருக்கும் வழக்கம் உண்டு. ஒரே ஒழுங்கையில் உம்மாவும் ராத்தாவும் தங்கையும், அல்லது அம்மாவும் அக்காவும் சின்னம்மாவும் வாழ்கின்றனர். மேல்நாட்டு ஆலோசகர் தேடியும் கண்டெடுக்க முடியாத நடைத்துணை இது. வேண்டியது, கூட நடப்பவர் எடையைப் பற்றிப் பேசாதிருப்பது ஒன்றே. நெஞ்சுவலி, மயக்கம் என்பன உள்ளவர்களும் இருதய நோயாளர்களும் வைத்தியரைக் கேளாமல் தொடங்கலாகாது.

மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் சத்திரசிகிச்சைக்குத் தகுதியற்றவர்கள் என்ற பயத்தில் அதனை மறைப்பதுண்டு. சிலர் திகதி கிடைத்ததும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்தியும் விடுகின்றனர். இரண்டும் ஆபத்தானவை. சிகிச்சையினால் கட்டுக்குள் இருக்கும் மனச்சோர்வு தடையாகக் கருதப்படுவதில்லை. மாறாக, குடலின் வழி மாற்றப்பட்ட பின் சில மருந்துகள் உடலில் சேரும் அளவு மாறுபடக் கூடுமாதலால், என்ன மருந்து, எவ்வளவு காலமாக, எந்த அளவில் என்ற விபரம் சத்திரசிகிச்சை நிபுணருக்கும் உளமருத்துவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கொழும்புக்குப் புறப்படும்போது கிளினிக் கொப்பியுடன் அந்த மருந்துச் சீட்டையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.